வரி

ஜூலையில் ஜீலாங் மழை நேராக விழுவதில்லை.
குறுக்கே வந்து, பாவுக்குள் ஊடை புகுவதுபோல்
விளக்குக் கம்பங்களுக்கிடையே ஓடுகிறது.

ஸ்டவ்ரூலாவின் அலுவலகத்தில் ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
ஒரு ஷூ பெட்டி நிறைய ரசீதுகளை
அவள் மேசைமேல் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
"பூங்," என்கிறாள்
(முழுப் பெயர் பூங்கோதை; அவளுக்கு நேரமில்லை),
"இந்த வருஷமாவது சொல்லிவிடு.
இது பொழுதுபோக்கா, தொழிலா?"

பொழுது எனக்குப் போகாமல் இருந்ததே இல்லை.
தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு பத்திலிருந்து ஆறுவரை
பெல்மாண்ட், கொரியோ, லாரா என்று
யார் யார் முகவரிகளையோ அறைகளில் இடுகிறேன்.
மிச்சப் பொழுதைத்தான்
போகவிடாமல் பிடித்துத் தறியில் கட்டுகிறேன்.
இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல?
"தெரியவில்லை," என்றேன்.

ஒவ்வொன்றாக எடுக்கிறாள்.
கம்பளி, ஆறு கிலோ. மொரியாக்கில் ஒரு பண்ணை.
ரசீதின் பின்பக்கம் ஆட்டின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: டோரிஸ்.
படிகாரம்.
எவர்சில்வர் பானை, இரண்டு.
"இரண்டு எதற்கு?"
ஒன்றில் யூகலிப்டஸ் கொதிக்கும்.
சாம்பல் பூத்த இலை, மூன்று மணி நேரத்தில்
செங்கல் நிறத்தைக் கக்கும், நேரில் பார்க்காதவர் நம்பமாட்டார்.
மற்றதில் ரசம்.
பானை மாறிப்போன ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு
ஒன்றின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

சிரிக்கிறாள். அடுத்த ரசீதில் சிரிப்பு நிற்கிறது.
கத்தரிக்கோல், அறுபத்திரண்டு டாலர்.
"எதை வெட்ட?"
"ஓவியத்தை."
"யாருடையது?"

பதினோரு மாதம் வரைந்தேன் அதை. ஆறடி கேன்வாஸ்.
மாலை நாலு மணிக்கு கொரியோ வளைகுடா:
தண்ணீர் நீலத்தை விட்டுவிட்டு
வேறொன்றையும் இன்னும் பிடித்துக்கொள்ளாத நேரம்.
அந்த ஒரு நிறம் வரவில்லை.
பூசினேன், சுரண்டினேன், பூசினேன்.
பார்க்க வந்தவர்கள் அழகு என்றார்கள்,
அலங்கரித்துக் கிடத்திய பிணத்தைப் பார்த்து
தூங்குகிற மாதிரியே இருக்கு என்பார்களே
அந்தக் குரலில்.

வேலை முடிந்து வந்த ஒரு காலை
ஷூவைக்கூடக் கழற்றாமல்
சட்டகத்திலிருந்து பிரித்துத் தரையில் போட்டேன்.
முதல் வெட்டுக்கு மட்டும் கை நடுங்கியது.
அப்புறம் இரண்டு விரல் அகலம், வரி வரியாக,
ஐம்பத்திமூன்று.
வரி என்ற சொல்லுக்கு எங்களிடம் எத்தனை வேலை என்று
ஸ்டவ்ரூலாவிடம் சொல்லவில்லை.

டோரிஸ் பாவு.
கடல் ஊடை.
அடித்து அடித்து இறுக்குகையில்
பெயின்ட் வெடித்து மடியில் செதில் செதிலாய் உதிர்ந்தது.
சில இடத்தில் நிறம் மேலே வந்தது,
சில இடத்தில் கேன்வாஸின் வெறும் முதுகு.
மூன்றாம் வாரம், விளக்குப் போட மறந்த ஒரு மாலை,
தேநீர்க் கோப்பையோடு எதேச்சையாகத் திரும்பினேன்.
தறியில்
நாலு மணி ஆகியிருந்தது.

"விற்றதா?"
இல்லை. மிஞ்சிய கையகலத் துண்டை மட்டும்
ஒரு லாரி ஓட்டுநர் நாற்பது டாலருக்கு வாங்கிப் போனார்,
செத்துப்போன தன் நாயின் நிறம் என்று.

பேனா இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நிற்கிறது.
வெட்டிய ஓவியம் உற்பத்தியா, நஷ்டமா?
என் நாக்கில் நகைக்கடைச் சொற்கள் இரண்டு,
செய்கூலி, சேதாரம்.
முன்னதை யாரும் தந்ததில்லை.
பின்னது இன்னும் ஷூவின் அடியில் ஒட்டியிருக்கிறது,
நீலமில்லாத ஒரு நீலத்தில்.

"படமாவது இருக்கிறதா?"
போனை நீட்டுகிறேன்.
இரண்டு விரலால் விரித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு
வெகுநேரம் பார்க்கிறாள். ஒரு நகம் திரையைச் சுரண்டுகிறது.
"இங்கே ஓர் இழை விட்டுப்போயிருக்கிறதே."

"தெரியும்," என்கிறேன்.